தற்காலிகமாக ஒரு பலகை

காலை ஐந்து நாற்பது. திருத்தணி நிலையத்தில் சென்னைக்குப் புறப்பட வேண்டிய மின்ரயில் நின்றுகொண்டிருந்தது. முதலில் கண்ணில் பட்டது ஓர் எஃகு அளவு நாடா. அதன் ஒரு முனை பெட்டியின் வாசற்படியில் இருந்தது. மறுமுனை, உள்ளே எதிர்வாசலோரம் குந்தியிருந்த ஒருவரின் கட்டைவிரலுக்குக் கீழே இருந்தது. அரைக்கைச் சட்டை, மப்ளர், மூக்குக்கண்ணாடி. ஏறியவர்கள் நாடாவைத் தாண்டிக் கால் வைத்துப் போனார்கள். தயிர்க் கேனோடு வந்த ஒரு பெண் மட்டும் நின்றார்.

"இன்னா சார், ரயிலுக்குச் சட்டை தைக்கப் போறியா?"

"ஒரு நிமிஷம்மா. பத்தரை அடி வருதான்னு பாக்கறேன்."

"வரலைன்னா இன்னா பண்ணுவே? ரெண்டு பக்கமும் புடிச்சி இழுத்து வுடுவியா?"

பத்தரை அடி தாராளமாக வந்தது. ஆனால் அந்த நீளத்துக்கு எதைக் கிடத்தினாலும் இரண்டு வாசலும் அடைபட்டுவிடும். அவர் நாடாவைச் சுருட்டினார், பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து வலது பக்கத்தில் ஒரு வரி எழுதினார், நடைமேடையில் இறங்கினார். ரயிலில் போக அவர் வரவில்லை. அளக்கத்தான் வந்திருந்தார்.

எங்கள் தெருவில் எதிர் வீட்டுக்காரர் அவர். ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அப்போது சென்னையில் ஒரு நாளிதழில் துணை ஆசிரியர் மேசையில் இருந்தேன். தினமும் அதே ரயில். ஐந்து ஆண்டு எதிரெதிர் வீட்டில் இருந்தும் வணக்கத்துக்கு மேல் நாங்கள் பேசியதில்லை.

"தம்பி, நீங்க பேப்பர்ல இருக்கீங்க, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். தண்ணி மேல நின்னுகினு துடுப்பு போடறாங்களே, அந்தப் பலகை. அதுல ரெண்டு தினுசு இருக்காம். ஒண்ணு காத்தடிக்கிறது, சுருட்டிப் பையில வச்சுக்கலாம். இன்னொண்ணு கெட்டி, சுருட்ட முடியாது. புதுசா கத்துக்கறவங்களுக்கு எது நல்லது?"

"யாருக்கு சார்?"

"வீட்ல."

நான் பதில் யோசித்துக்கொண்டிருக்கும்போது ரயில் நகர்ந்தது. அன்று நான் ரயிலைத் தவறவிட்டேன். அவரிடம் பேசியவர்கள் எதையாவது தவறவிடுவது வழக்கம் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு போடும் குடும்பத்தில் பிறந்தவர். கணவர் அத்தை மகன், ஆகவே அவருக்குப் 'பாவா'. அந்த ஆண்டு ஆகஸ்டில் அக்காவுக்கு இடது மார்பில் அறுவை சிகிச்சை நடந்தது. அக்குளிலிருந்தும் கட்டிகளை எடுத்தார்கள். புண் ஆறிவிட்டது. கை மட்டும் தோள் மட்டத்துக்கு மேல் ஏறவில்லை. தலை பின்ன முடியாது, ரவிக்கை மாட்ட இன்னொருவர் வேண்டும். பிசியோதெரபி செய்யும் பெண் சுவரில் விரல்களால் ஏறும் பயிற்சி கொடுத்திருந்தார். அக்கா இரண்டு வாரம் செய்துவிட்டு விட்டுவிட்டார். "செவுத்துல பல்லி மாரி எத்தினி நாளு ஏறிகினே இருக்கறது?" என்றார்.

மார்ச் முடிவதற்குள் கை மேலே போகப் பழகாவிட்டால் தோள் அப்படியே இறுகிவிடும் என்று அந்தப் பெண் சொல்லிவிட்டார். பிடித்தது எதையாவது செய்யுங்கள், ஆனால் கை அசைய வேண்டும் என்றார். அக்கா கேட்டது தண்ணீர். சிறுவயதில் பம்புசெட் கிணற்றில் குதித்து நீந்தியவர். இப்போது நீந்தக் கை வராது. துடுப்பு போடலாம் என்று பிசியோதெரபி பெண் கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினார். யாரோ ஒரு பெண்மணி, நரைத்த தலை, பலகை மேல் நின்றுகொண்டு ஒரு குளத்தைக் கடக்கிறார். வலது பக்கம் துடுப்பு போடும்போது இடது கை துடுப்பின் தலையைப் பிடித்துக்கொண்டு முகத்துக்கு மேல் போய் வருகிறது. அக்கா அதை மூன்று முறை பார்த்தாராம்.

கனகம்மாசத்திரம் போகும் வழியில், ஊரிலிருந்து நான்கு கிலோமீட்டரில் ஓர் ஏரி. அந்த ஆண்டு மழையில் கரை தொட நிரம்பியிருந்தது. மார்ச்சில் வற்றிவிடும். ஆக, தண்ணீருக்கும் கெடு, தோளுக்கும் கெடு. பலகை ஒன்றுதான் வர வேண்டும். அதைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர் அக்காவின் கணவர்.

அவர் எதையும் தேர்ந்தெடுத்து நான் பார்த்ததில்லை. காலையில் கீரைக்காரம்மா வந்தால் ஒரு கையில் அரைக்கீரையும் மறு கையில் முளைக்கீரையுமாக நிற்பார். "சாமி, நீ பாத்து முடிக்கறதுக்குள்ள கீரை வாடிப்பூடும், கைய வுடு" என்று கீரைக்காரம்மாவே ஒன்றைப் பிடுங்கிக்கொள்வார். ஒருமுறை மலைக்குப் படியில் ஏறுவதா, மேலே போகும் பேருந்தில் போவதா என்று அடிவாரத்தில் அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது, அக்கா படியேறித் தரிசனம் முடித்து இறங்கி வந்துவிட்டாராம். இது அக்கா சொன்னது. நான் பார்க்கவில்லை.

சோம்பேறி அல்ல அவர். ஒரு கேள்வி வந்துவிட்டால் ஓயமாட்டார். நாலு பேரைப் பார்ப்பார், நடப்பார், அளப்பார். நோட்டின் இடது பக்கம் ஒன்றுக்கு, வலது பக்கம் மற்றொன்றுக்கு. இரண்டும் நிரம்பியதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொல்வார்: "ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு." அதற்கு மேல் நகரமாட்டார். அவசரப்படுத்தினால், "பாத்துட்டுச் சொல்றேன்." முப்பது வருடத்துக்கு மேல் கோப்புகளில் அதையே எழுதிப் பழகிய கை. முடிவு எடுத்தவன் பெயர்தான் பின்னால் விசாரணையில் வரும் என்பதை அவர் வேலையில் சேர்ந்த வருடமே கற்றுக்கொண்டாராம்.

டிசம்பர் முழுவதும் பலகை விசாரணை நடந்தது. கோவளத்தில் இந்தப் பலகை கற்றுத்தரும் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்து நாளுக்கு ஒரு கேள்வி கேட்டார். இடது பக்கம் காற்றுப் பலகை: தோளில் மாட்டிக்கொண்டு ரயில் ஏறலாம், பீரோவுக்குப் பின்னால் வைக்கலாம், விழுந்தால் அடிபடாது. காற்றடிக்க வேண்டும், எடை குறைவு என்பதால் ஏரிக் காற்று தள்ளிக்கொண்டு போகும். வலது பக்கம் கெட்டிப் பலகை: நேராக ஓடும், நின்றால் ஆடாது, காற்றுக்கு அசையாது. வைக்க இடமில்லை, மாடியில் வைத்தால் வெயிலில் மேல்பூச்சு உப்பும், குரங்குகள் வேறு. ரயில் வாசலை அடைக்கும்.

பைபாஸ் ஓரத்தில் பஞ்சர் கடை வைத்திருந்தவரிடம் அவர் போனபோது நானும் இருந்தேன். என் ஸ்கூட்டருக்குப் பின்சக்கரம் கழற்றியிருந்தார்கள்.

"காத்துப் பலகையா? உள்ள இன்னா சார் கீது, ட்யூபா?"

"ட்யூப் இல்லப்பா. மேல ஒரு துணி, கீழ ஒரு துணி. நடுவுல ஆயிரக்கணக்குல நூல் இழுத்துக் கட்டியிருக்காங்களாம். காத்தடிச்சா கட்டை மாதிரி நிக்குமாம்."

"நூலா? அப்ப நம்ம நெசவுக்காரங்க செய்ற வேலைதான். ஒண்ணும் ஆவாது, வாங்கு."

"முள் குத்தினா?"

"முள்ளு குத்துனாதான் சார் நான் சோறு துன்றேன்."

"ஏரி முழுக்க சீமைக்கருவேலம்பா. அதான் யோசிக்கறேன்."

"குத்துனா எடுத்துகினு வா, ஒட்டித் தரேன். பலகைய ஒட்டிடலாம். உன் டவுட்டத்தான் எங்க ஒட்றதுன்னு தெர்ல."

அவர் சிரித்துக்கொண்டே இடது பக்கத்தில் எழுதினார்: ஒட்டலாம். பிறகு வலது பக்கத்தில்: முள் கவலை இல்லை.

முள் கவலை பலகைக்காக மட்டும் இல்லை. அறுவை செய்த பக்கத்துக் கையில் கீறலோ குத்தோ படக்கூடாது, ஊசிகூடப் போடக்கூடாது, பட்டால் கை வீங்கிக்கொள்ளும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். ஜனவரி முதல் ஞாயிறு காலை நான் ஏரிப் பக்கம் போனபோது, கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு அவர் தண்ணீரில் நின்றிருந்தார். கரையோரச் சேற்றில் கையை விட்டுத் துழாவி, மூழ்கிக் கிடந்த கருவேலங் கிளைகளை ஒவ்வொன்றாக இழுத்துக் கரையில் போட்டார். அவருக்கு நீச்சல் தெரியாது. இடுப்பளவுக்கு மேல் போகவில்லை. ஒரு மாட்டுவண்டி அகலத்துக்குக் கரையிலிருந்து உள்ளே ஒரு பாதை சுத்தமாகியிருந்தது. பதினைந்து நாளாகக் காலையில் இதைச் செய்கிறார் என்று எருமை குளிப்பாட்ட வந்தவர் சொன்னார். இரண்டில் ஒன்று என்று இல்லாத வேலைகளில் அவரை யாரும் மிஞ்ச முடியாது.

அந்த வாரம்தான் அக்கா என்னிடம் அறுவைக்கு முந்தைய பதினோரு நாட்களைப் பற்றிச் சொன்னார். அவர்களுக்காக வாங்கி வைத்திருந்த பாலைக் கொடுக்கப் போயிருந்தேன். சமையலறை மேல்தட்டில் இருந்த டப்பாவை எடுத்துத் தரச் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன்.

"அவர் எப்ப தம்பி முடிவு பண்ணுவாரு?"

"தெரியலக்கா. ரெண்டு பக்கமும் நிறைஞ்சிடுச்சு."

"நெறையும். எனக்குக் கட்டின்னு தெரிஞ்சப்பவும் நெறைஞ்சுது." டப்பாவைத் திறக்காமல் மேடை மேல் வைத்தார். "டாக்டரு ரெண்டு வழி சொன்னாரு. மொதல்ல ஊசி போட்டுச் சுருக்கிட்டு ஆபரேஷன் பண்லாம். இல்ல மொதல்லயே ஆபரேஷன், அப்பறம் ஊசி. உங்க கேசுல ரெண்டும் சரிதான், பேசிட்டுச் சொல்லுங்கன்னாரு. இவரு பாத்துட்டுச் சொல்றேன்னு வந்துட்டாரு. பதினோரு நாளு. நாலு டாக்டரு. நாலு பேரு சொன்னதயும் எழுதிகினு வந்தாரு."

"நீங்க எதுவும் சொல்லலியா?"

"என்ன யாரு கேட்டாங்க?" என்றார். கோபம் இல்லை. அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்லும் குரல். "பன்னெண்டாம் நாளு நானே சொன்னேன். பாவா, முடிவெல்லாம் அப்பறம் பண்ணிக்கலாம், இப்பத்திக்குத் தற்காலிகமா போய்ப் படுத்துக்கறேன், இல்லன்னா பெட்டு போயிடும்னேன். தற்காலிகமாவா, அப்ப சரின்னு ஒடனே பைய எடுத்துட்டாரு. ஆபீஸ்ல எல்லாக் காகிதமும் அவருக்கு பயம். தற்காலிகம்னு போட்டிருந்தா மட்டும் பட்டுனு கையெழுத்துப் போட்டுடுவாரு. அது முடிவு இல்லியாம். தற்காலிகமா போய்ப் படுத்தேன். மறுநாளு ஆபரேஷன் பண்ணிட்டாங்க."

பதினோரு நாளால் எதுவும் கெட்டுப்போகவில்லை என்று அறுவை செய்த மருத்துவர் பிறகு சொல்லியிருக்கிறார். அந்த வாக்கியத்தை அவருடைய நோட்டில் நான் பார்த்திருக்கிறேன். பலகைக் கணக்குக்குப் பத்துப் பக்கம் முன்னால், தேதியோடு, இடது பக்கத்தில் இருந்தது. அதற்கு எதிரே வலது பக்கம் காலி.

ஜனவரி மூன்றாம் வாரம் கோவளம் போனோம். இரண்டையும் நேரில் பார்த்துவிட்டால் தெளிவாகிவிடும் என்பது அவர் கருத்து. கூட ஒரு ஆள் வேண்டும் என்று அக்கா என்னைக் கூப்பிட்டார். காலை ரயில், சென்ட்ரலில் இறங்கிப் பேருந்து, வெயில் ஏறும்போது போய்ச் சேர்ந்தோம். பயிற்சியாளர் மீனவக் குடியிருப்பைச் சேர்ந்தவர், முப்பது வயது இருக்கும். கடலுக்குக் கூட்டிப் போகவில்லை. பக்கத்து உப்பங்கழியில், மார்பளவு தண்ணீரில், உயிர்காப்பு அங்கி மாட்டி அக்காவை இறக்கினார்.

"நிக்கறது அப்புறம்மா. மொதல்ல விழுந்தா திரும்பி ஏறத் தெரியணும். ஏறத் தெரிஞ்சா பயம் போயிடும்."

கெட்டிப் பலகை தண்ணீரில் தாழ்ந்து மிதந்தது. அக்கா வலது கையை அதன் மேல் போட்டு, காலை உதைத்து, இரண்டாம் முயற்சியில் வயிற்றால் ஏறிவிட்டார். மண்டியிட்டார். எழுந்தார். நான்கு நொடி நின்றார். விழுந்தார். மறுபடி ஏறினார்.

காற்றுப் பலகை ஒரு சாண் கனத்துக்கு ஊதி, தண்ணீர் மேல் உயரமாக நின்றது. விளிம்பு அக்காவின் கழுத்தளவு. நடுவிலிருந்த பிடியை வலது கையால் பற்றினார். அதற்கு மேல் உடம்பைத் தூக்க இடது கை ஊன்ற வேண்டும், அது ஊன்றவில்லை. மூன்று முறை சறுக்கினார். நான்காம் முறை பயிற்சியாளர் பின்னாலிருந்து தூக்கிவிட்டார். ஏறியபின் கட்டில் போல ஆடாமல் நின்றது.

இதெல்லாம் நடந்தபோது அவர் மணலில், பெங்களூரிலிருந்து வந்திருந்த ஒரு மென்பொருள் ஊழியரிடம் பலகையின் அகலத்தைப் பற்றிக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். பிறகு பக்கத்தில் இளநீர் விற்றவரிடமும் கேட்டார். பயிற்சியாளர் ஈரத்தோடு வந்து நின்றார்.

"சார், எல்லாரையும் கேக்கறீங்க. அம்மாவக் கேட்டீங்களா?"

அவர் பேனாவை நிறுத்தினார். மறந்துபோன ஓர் இணைப்புக் காகிதத்தைச் சுட்டிக்காட்டியதுபோல முகம் மாறியது. அக்கா துண்டைப் போர்த்திக்கொண்டு மணலில் உட்கார்ந்திருந்தார். அவர் போய் எதிரே உட்கார்ந்து, புதுப் பக்கம் திருப்பினார்.

"சரி, நீ சொல்லு."

"எழுதாதே பாவா. கேளு."

"எழுதினா மறக்காது."

"எழுதினா நாளைக்கு இன்னொருத்தன்கிட்ட எடுத்துகினு போய்க் காட்டுவே."

அவர் நோட்டை மூடினார்.

"கெட்டிதான் எனக்கு. அதுலதான் நானே ஏறுனேன்" என்றார் அக்கா.

"கெட்டி ரயில்ல வராதே."

"ஆங், தெரியும்."

"வீட்ல வைக்க எடம் இல்ல."

"தெரியும்."

"காத்துல உன்னால ஏற முடியல. அப்ப ரெண்டு பக்கமும்..."

"நியாயம் கீது. தெரியும் பாவா. எனக்குக் களைப்பா கீது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உப்பு படிந்திருந்தது, துடைக்கத் துடைக்க மங்கியது. அக்கா எழுந்து, பலகைகளைக் கழுவிக்கொண்டிருந்த பயிற்சியாளரிடம் போனார். நான் குடிநீர்க் குழாயருகே இருந்ததால் காதில் விழுந்தது.

"தம்பி, உங்ககிட்ட பழைய காத்துப் பலகை எதுனா கீதா?"

"இருக்கும்மா, ஒரு தடவ ஒட்டுனது. ஆனா உங்களால அதுல ஏற முடியலியே?"

"எதுவும் வராம போறதுக்கு இது வரட்டும். அவருகிட்ட வாங்குங்க சார்னு மட்டும் சொல்லாதீங்க. தற்காலிகமா எடுத்துகினு போங்கன்னு சொல்லுங்க."

"எவ்ளோ நாளைக்கும்மா?"

"தற்காலிகத்துக்கு நாளு கெடையாது."

பயிற்சியாளர் அப்படியே சொன்னார். "தற்காலிகமாவா?" என்று ஒருமுறை கேட்டுக்கொண்டு, அவர் பலகை, பம்பு, துடுப்பு எல்லாம் அடங்கிய பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். ஒன்றரை மாத விசாரணை அரை நிமிடத்தில் முடிந்தது.

அன்று கிருத்திகை என்பதை மூவரும் மறந்திருந்தோம். திரும்பும் ரயிலில் திருத்தணிக்கு வரும் கூட்டம் வாசல்வரை இருந்தது. ஆளுயரத்தில் பாதிக்கு மேல் இருந்த அந்தப் பையோடு அவரை ஒரு மொட்டைத்தலைக்காரர் மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா சாமி, இது எந்த ஊர்க் காவடி?"

அவர் நேர்மையாக யோசிக்க ஆரம்பித்தார். அக்கா முந்திக்கொண்டார். "காத்துக் காவடிங்க. இப்ப சுருட்டி வச்சிருக்கு."

பெட்டி சிரித்தது. யாரோ அரோகரா போட்டார்கள். ஒரு கிழவர் பையின் மேல் விபூதி பூசினார். அக்காவுக்கு உட்கார இடம் கிடைத்தது. உட்கார்ந்த உடனே தூங்கிவிட்டார். அவர் திருத்தணி வரை பையைக் கழற்றாமல் நின்று, தூங்குகிற முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

இரண்டு நாள் கழித்து ஏரியில் பலகையை விரித்தோம். கைப்பம்பில் அவரும் நானும் மாறி மாறி அடித்தோம். பாதிக்கு மேல் பம்பு இறங்க மறுத்தது. பஞ்சர் கடைக்காரருக்குச் சொன்னோம். கடையைச் சாத்திவிட்டு வந்தார். காற்றடிக்கிற இடத்தில் தான் இல்லாமல் எப்படி என்றார். இருபது நிமிடம் அடித்தார். பலகை நிமிர்ந்தது, விறைத்தது. கட்டைவிரலால் நாலு இடத்தில் அமுக்கிப் பார்த்தார். பிறகு அடைப்பானை அழுத்திப் புஸ்ஸென்று காற்றை இறக்கினார்.

"ஏம்பா, பதினஞ்சு பவுண்டு இருக்கணும்னு போட்டிருக்கு!" அவர் கையேட்டைத் திறந்து காட்டினார்.

"வெயிலு ஏறப்போவுது சார். தை மாசமே இப்டி கொளுத்துது. காத்து உள்ள பெருக்கும், தையல் புட்டுக்கும். நம்மூரு வெயிலுக்கு லாரிக்கே நான் கம்மியாத்தான் வுடுவேன்."

"மீட்டர் முள்ளப் பாருப்பா, பத்துகூட இல்ல."

"எனக்கு முள்ளுன்னாலே ஆவாது சார். வெரலு சொல்லுது, போதும்."

"கையேட்டுல சொல்றதும் சரிதான். நீ சொல்றதும்..." அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

அக்கா அதற்குள் பலகையோடு பிணைத்த வாரைக் கணுக்காலில் கட்டிக்கொண்டு, பலகையை இழுத்துக்கொண்டு, முள் எடுத்த பாதை வழியாக இடுப்பளவு தண்ணீருக்குப் போய்விட்டார். அங்கிருந்து பலகை மேல் சாய்ந்து மண்டியிட்டு, கொஞ்ச தூரம் துடுப்பு போட்டார். ஆழம் வந்தது. எழுந்து நின்றார். காற்று குறைந்த பலகை நடுவில் பழைய நார்க்கட்டில் போலத் தொய்ந்து, அவர் கணுக்கால் மேல் தண்ணீர் ஏறியது. ஆடியது. பக்கவாட்டில் விழுந்தார்.

கரையில் நின்றிருந்த அவர் தண்ணீருக்குள் நடந்தார். இடுப்பு, வயிறு, மார்பு. கையில் கையேடு இருந்தது. "சார், உனுக்கு நீச்சல் தெரியாது, நில்லு!" என்று பஞ்சர் கடைக்காரர் கத்தினார். கழுத்தளவில் நின்றார். அங்கிருந்து அக்காவுக்கு இன்னும் பத்தடி இருந்தது.

அக்காவின் தலை மேலே வந்தது. வலது கையைப் பலகையின் மேல் போட்டார். போட்டதும், விறைப்பில்லாத விளிம்பு அவர் எடைக்கு வளைந்து தண்ணீருக்குள் அமிழ்ந்தது. ஏற வேண்டியிருக்கவில்லை. ஈரப்பாயில் புரள்வதுபோல உருண்டு மேலே போய்விட்டார். கவிழ்ந்து படுத்து இருமினார். பிறகு இடது கையை ஊன்றினார், மண்டியிட்டார்.

"ஏறிட்டேன் பாவா! கரைக்குப் போ, நீ முழுகிடப் போறே!"

அவர் கரைக்கு வந்ததும் சட்டை சொட்டச் சொட்ட முதலில் கேட்டது பஞ்சர் கடைக்காரரைத்தான்.

"கடைசியா எத்தினி பவுண்டுல விட்டே?"

"எனுக்கு இன்னா தெரியும்? வெரலு வெச்ச அளவு."

அவர் நோட்டைத் திறந்தார். எழுத எண் இல்லை. அதன்பிறகு பலகை ஏரிக்குப் போகும்போதெல்லாம் பஞ்சர் கடைக்காரரின் கட்டைவிரலும் போக வேண்டியிருந்தது.

அது நல்ல பலகையாக ஒருநாளும் ஓடவில்லை. நேராகப் போகாது. காற்று வீசினால் கருவேலம் இருக்கும் மூலைக்கு ஒதுங்கும். அக்கா துடுப்பை மாற்றாமல் வலது பக்கமே போடுவார், அப்போதுதான் இடது கை மேலே போகும். அதனால் பலகை வட்டமடிக்கும். அவர் கரையோரமாக அதோடு நடப்பார். கையில் ஒரு நீளக் கழி, முள் பக்கம் போனால் தள்ளிவிட. சில நாள் அக்கா நின்றார். சில நாள் நடுஏரியில் பலகை மேல் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, போதும் என்று வந்தார். கை வீங்கிய நாட்களில் வரவில்லை. வாரம் ஒருமுறை அவர் கோவளத்துக்குப் போன் செய்து, அலுவலகக் குரலில், தற்காலிக ஏற்பாட்டை இன்னும் ஒரு வாரம் நீட்டிக்கக் கேட்பார். ஒருமுறைகூட வாங்கிவிடலாமா என்று பேசவில்லை. நாங்களும் பேசவிடவில்லை.

மார்ச் இரண்டாம் வாரம் மதகுப் பக்கம் மட்டும் முழங்காலளவு தண்ணீர் நின்றது. பலகையைக் காயவைத்துச் சுருட்டி, அவரே ரயிலில் கொண்டுபோய்க் கோவளத்தில் கொடுத்துவிட்டு வந்தார். மறுநாள் நிலையத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார். "அடுத்த மழைக்கு முன்னாடி எதுன்னு பாத்துட்டுச் சொல்லிடலாம் தம்பி. இப்பத்தான் ரெண்டு பக்கமும் சரியா தெரியுது" என்றார். அன்று ரயிலைத் தவறவிடாமல் ஏறிக்கொண்டேன். அடுத்த மழைக்கு முன்பே பெங்களூரில் இருந்த அவர்கள் மகள் இருவரையும் தன்னோடு அழைத்துக்கொண்டாள். எதிர் வீட்டில் இப்போது ஒரு வங்கி ஊழியர் இருக்கிறார்.

அந்த மார்ச் கடைசி ஞாயிறு பிசியோதெரபி பெண் அக்கா வீட்டுக்கு வந்தார். எதிர் வீட்டுக்காரர் வாசலுக்கு வந்து என்னையும் கூப்பிட்டார். அக்காவைச் சுவரோடு முதுகு ஒட்டி நிற்கவைத்து, இடது கையைப் பக்கவாட்டில் காதை ஒட்டும்வரை தூக்கச் சொன்னார் அந்தப் பெண். கை தோளைத் தாண்டி, கன்னத்தைத் தாண்டி மேலே போனது. காதைத் தொட மூன்று விரல் இடைவெளி இருக்கும்போது நின்றது.